பருமனும் தலைவிதியும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியது)



உடல் பருமனைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். சுயமரியாதைக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பருமனாயிருப்பவரைக் கேட்டால் "உடல்வாகு" என்கிறார். நீரிழிவு வந்தவரைக் கேட்டால் "தலையெழுத்து" என்கிறார். தலையெழுத்து எங்கே வந்து உட்காருகிறதோ, அங்கே நமக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது.

பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆகையால் பருமனானவரைப் பரிகாசம் செய்வது அறிவீனம். ஆனால், மீதிப் பங்கு நம் இலையிலும் காலிலும் இருக்கிறது. 2023-ல் வெளியான ஆராய்ச்சிக் கணக்குப்படி இந்நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் நீரிழிவு உண்டு. இத்தனை பேர் தலையிலும் ஒரே எழுத்தை எழுத எந்தக் கடவுளுக்குத்தான் கை வலிக்காது?

இளைப்பதற்கு நம்மவர் கண்ட வழி விரதம். ஏகாதசியன்று சாதம் கூடாதாம், பலகாரம் கூடுமாம்! உப்புமாவும் பூரியும் வடையும் உள்ளே போகும். மறுநாள் துவாதசிக்குப் பெருஞ்சாப்பாடு. வயிற்றுக்குத் திதி தெரியுமா? "பத்தே நாளில் இளைக்கலாம்" என்று பொடி விற்பவனும் அந்தப் புரோகிதனுக்குத் தம்பியேயாவான். பட்டினியால் குறைந்த எடை, பழைய சாப்பாடு திரும்பியதும் தானும் திரும்பிவிடும்.

நிலைக்கும் வழி எது? அமெரிக்காவில், நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்த 3,234 பேரைப் பரிசோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். அதில் ஒரு பிரிவினருக்குக் கொழுப்பையும் ஆகார அளவையும் குறைத்து, வாரத்திற்கு 150 நிமிஷம் வேகமாய் நடக்கச் சொல்லி, எடையில் 7 சதவிகிதம் குறைப்பதே லட்சியமென்று வைத்தார்கள். வெறும் மாத்திரை பெற்றவர்களைவிட இவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவிகிதம் குறைந்தது. 80 கிலோ உள்ளவர் 6 கிலோகூடக் குறையவேண்டியதில்லை. இதில் மந்திரமுமில்லை, பிரார்த்தனையுமில்லை.

நம் வீட்டில் செய்யக்கூடியதும் இதுதான். சாதத்தைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் காயும் வையுங்கள். நவராத்திரிக்கென்று ஒதுக்கிய சுண்டலை எல்லா நாளும் தின்னுங்கள். காப்பிக்குச் சர்க்கரையைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நடங்கள். ஒரு மாதம் செய்து விட்டுவிட்டால் பயனில்லை. பல் விளக்குவதுபோல் வழக்கமாக வேண்டும்.

ஆனால் தோழர்களே, நடப்பது யார்? ஆண்பிள்ளை காலையில் உலாவிவிட்டு வந்து "காப்பி எங்கே?" என்கிறார். அந்த அம்மாளோ விடியுமுன் அடுப்பில் நின்று, எல்லோரும் தின்றபின், வீணாகக்கூடாதென்று மிச்சத்தையும் தின்றுவிட்டு, "வேலை செய்கிறவளுக்கு நடை எதற்கு?" என்று சொல்லப்படுகிறாள். அவளுடைய உடம்பு வீட்டுக் குப்பைத்தொட்டியா?

ஆகவே, நாம் கேட்பது ஒன்றுதான். நாளைக் காலையில் அரைமணி நேரம் அடுப்பை ஆண்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் தெருவில் இறங்கி நடக்கட்டும். எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து, ஒரே ஆகாரத்தை அளவோடு உண்ணுங்கள். இளைப்பதற்கு இது வழி. சமத்துவத்திற்கும் இதுவே வழி.