தாளில் தங்கிய சாளரங்கள்



1641ஆம் ஆண்டு கோடையில் இங்கிலாந்தில் இருவர் ஆலயந்தோறும் சென்றனர். ஒருவர் பழம்பொருள் ஆய்வாளர் வில்லியம் டக்டேல். மற்றவர் குலச்சின்னங்கள் தீட்டும் ஓவியர் வில்லியம் செட்ஜ்விக். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூளும், ஆலயங்கள் தப்பா என்று அஞ்சிய கிறிஸ்டோபர் ஹாட்டன் என்னும் செல்வரே அவர்களை அனுப்பியவர். பீட்டர்பரோ, லிங்கன் முதலிய பேராலயங்களின் கல்லறைகளையும், வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் பொலிந்த குலச்சின்னங்களையும் அவர்கள் தாளில் ஏற்றினர். 1643 ஏப்ரலில் குரோம்வெல்லின் படை பீட்டர்பரோவில் புகுந்து சாளரங்களை நொறுக்கியது.

அவ்வோவியத் தொகுதி இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. ஆயினும், குலமரபைத் தேடிய கண்ணுக்குக் கேடயங்களே பெரிதாயின. கண்ணாடி எவ்வாறு ஒளிர்ந்தது என்பது அவர்தம் கவலையன்று.

அக்கவலை இரு நூற்றாண்டுகள் கழித்துச் சார்லஸ் வின்ஸ்டன் (1814–1864) என்னும் வழக்கறிஞருக்கு வாய்த்தது. பழஞ்சாளரங்களை நூற்றுக்கணக்கில் தாளில் படியெடுத்த அவர், 1847இல் வெளியிட்ட ஆய்வு நூலில் தம் பெயரையும் இடவில்லை; ‘ஓர் ஆர்வலர்’ என்றே குறித்தார்.

சாளரம் ஒரே பலகையன்று. நிறக் கண்ணாடித் துண்டுகளை ஈயப்பட்டைகள் கோத்து நிற்கின்றன. முகமும் ஆடைமடிப்பும் கரும்பூச்சால் எழுதிச் சூளையில் சுடப்பட்டவை. ஆகவே மையும் நீர்வண்ணமும் இதற்கு இயல்பாகவே பொருந்துவன. மைக்கோடு ஈயமாகிறது, மெல்லிய வண்ணத்தினூடே தெரியும் தாளின் வெண்மை பகலொளியாகிறது. வெள்ளை பூசி ஒளி காட்ட முனைவோர் அவ்வொளியையே அடைத்துவிடுகின்றனர்.

இடர் வேறிடத்தில் உள்ளது. கண்ணாடியில், சிறப்பாக நீலத்தில், ஒளி தன் எல்லை கடந்து கசிந்து ஈயத்தை மெலிதாக்கிக் காட்டும். தாளில் அக்கசிவு இல்லை. அளந்த அகலத்திலேயே கோடிட்டால் ஓவியம் சிறைக்கம்பியாய்க் கனக்கும். மெலிதாக்கினால் அளவு பொய்க்கும். ஆவணமாகத் தீட்டுவோர் அழகை இழந்தேனும் அளவைக் கொள்வதே தகும்.

புனிதர் ஒருவரின் கன்னத்தின் குறுக்கே ஈயம் ஓடுமாயின் அது பெரும்பாலும் பிற்காலப் பழுதுபார்ப்பின் தழும்பு. அதை விலக்கி முகத்தை முழுமையாக்கும் ஆசை கைக்கு எழும். (சிதைந்த ஏட்டில் தம் சொல்லைப் பெய்து நிரப்பும் பதிப்பாசிரியரை அறிந்த அவைக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.) தழும்பையும் தீட்டிய படியே பின்னர் சாளரத்தைச் சீர்செய்வோர்க்குச் சான்றாகும்.

தாளில் எடுத்த படி மூலத்தின் இடத்தைப் பறிப்பதில்லை. கண்ணாடியில் எடுத்த படி பறித்ததுண்டு. வின்செஸ்டர் கல்லூரிச் சிற்றாலயத்தின் 14ஆம் நூற்றாண்டுக் கிழக்குச் சாளரம் 1820களின் தொடக்கத்தில் பழுதுபார்க்கக் கழற்றப்பட்டது. திரும்பி வந்து பொருத்தப்பட்டது புதிதாகச் செய்த படி. மூலம் சிதறிப் பலர் கைப்பட்டது. அதன் சில பகுதிகள் மட்டும் 1951இல் அச்சிற்றாலயத்தின் பக்க அறையொன்றில் மீண்டும் இடம்பெற்றன.