வளையத்துக்குள் நடந்த ஆட்டம்



கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர்கள் நாங்கள். எங்கள் மாணவன் ஒருவன் கேட்ட கேள்வியிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிகள் மூடப்பட்டன. தோட்டத்துத் திடலில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. ஜூலையில் தொடக்கப் பள்ளிகள் திறந்தபோதும் பள்ளிகளுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிகள் நடைபெறவில்லை. அப்படியிருக்க, செப்டம்பர் மாதத்தில் தொலைக்காட்சியைத் திறந்தால் ஐ.பி.எல். கிரிக்கெட் நடக்கிறது! பார்வையாளர் இருக்கைகள் காலி. ஆட்டம் மட்டும் குறைவில்லாமல் நடக்கிறது. மறுநாள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்று கேட்டான்: "சார், கொரோனான்னு சொல்லி நம்ம போட்டியை நிறுத்திட்டாங்க. அவங்க மட்டும் எப்படி சார் ஆடுறாங்க?"

நாங்கள் உடனே விடை சொல்லிவிடவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசலாகாது என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதற்பாடம். ஆகவே தேடிப் படித்தோம். படித்ததையும், பின்னர் எங்கள் தோட்டத்திலேயே கண்டதையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் அந்தக் கிரிக்கெட் போட்டியைப் பார்ப்போம். இந்தியாவில் நோய் பரவியிருந்ததால், 2020ஆம் ஆண்டின் போட்டியை ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கொண்டுசென்றார்கள். 8 குழுக்கள், 60 ஆட்டங்கள், செப்டம்பர் 19 முதல் நவம்பர் 10 வரை 53 நாட்கள். துபாய், அபுதாபி, சார்ஜா ஆகிய மூன்றே திடல்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பேருந்திலேயே போய்விடலாம். விமானம் ஏற வேண்டியதில்லை. வந்து இறங்கியவர்கள் பொதுவாகத் தம் அறையிலேயே 6 நாள் தனித்திருக்க வேண்டும். அந்த ஆறு நாளில் மூன்று முறை சோதனை. நோயில்லை என்று தெரிந்த பிறகே வளையத்துக்குள் அனுமதி. அதன் பின்பும் சில நாட்களுக்கு ஒரு முறை சோதனை உண்டு. வளையத்தில் இருப்பவர் வெளியே போகக் கூடாது. வெளியே இருப்பவர் உள்ளே வரக் கூடாது. பாதுகாப்பு வளையம் என்பது இதுதான்.

தொடக்கத்திலேயே இந்த ஏற்பாடு சோதனைக்குள்ளாயிற்று. ஆகஸ்ட் இறுதியில் சென்னை சூப்பர் கிங்ஸ் குழுவினரில் 13 பேருக்குத் தொற்று கண்டது. அவர்களில் இருவர் ஆட்டக்காரர்கள். போட்டி இனி நடவாது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் நோய் கண்டவர்கள் தனியே வைக்கப்பட்டார்கள். குழுவின் மற்றவர்களும் கூடுதல் நாட்கள் அறையிலேயே இருந்தார்கள். நோய் அங்கேயே நின்றது. போட்டி குறித்த நாளில் தொடங்கியது. தொற்று வந்ததை மறைக்காமல் உடனே வெளிப்படுத்தியதால்தான் இது முடிந்தது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

அதே ஆண்டில் கனடா நாட்டில் இன்னும் கட்டுக்கோப்பாக ஒரு போட்டி நடந்தது. அது பனிக்கட்டித் தளத்தில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஹாக்கி. நம் பிள்ளைகள் திடலில் ஆடும் ஹாக்கி வேறு, இது வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள குழுக்கள் ஆடும் தொழில்முறைப் போட்டி இது. மார்ச் மாதம் நோயினால் பாதியில் நின்றுபோன இதனை ஆகஸ்ட் முதல் நாள் மீண்டும் தொடங்கினார்கள். 24 குழுக்களில் 12 டொரான்டோ நகரிலும், 12 எட்மன்டன் நகரிலும் தங்கின. அரையிறுதிகளும் இறுதியும் முழுக்க முழுக்க எட்மன்டனில், ஒரே அரங்கத்தில் நடந்தன. தங்கும் விடுதிகளையும் அரங்கத்தையும் சுற்றி வேலி அடைத்தார்கள். ஒரு குழுவுக்கு 52 பேருக்கு மேல் அனுமதியில்லை. ஆட்டக்காரர்களுக்கு நாள்தோறும் சோதனை. அவர்களோடு நெருங்கிப் பணியாற்றிய விடுதி ஊழியர்களும் சோதனைக்கு உட்பட்டவர்களே. செப்டம்பர் 28ஆம் நாள் டாம்பா பே குழு டல்லஸ் குழுவை வென்று ஸ்டான்லி கிண்ணத்தைக் கைப்பற்றியபோது, குழுவினருக்குச் செய்யப்பட்ட சோதனைகள் 33,000க்கும் மேல். தொற்று கண்டவர் ஒருவர்கூட இல்லை!

இதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். இறுதிவரை ஆடியவர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் வீட்டைப் பிரிந்திருந்தார்கள். நம்மவர் ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் எளிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் பந்துவீச்சாளர் நடராஜன். 2020 நவம்பரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அவர் அமீரகத்தில் வளையத்துக்குள் இருந்தார். அங்கிருந்து நேரே ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். இந்தியாவுக்காக ஆடி, 2021 ஜனவரியில் பிரிஸ்பன் டெஸ்ட் வெற்றியிலும் பங்கு பெற்று, ஊர் திரும்பிய பின்புதான் மகளின் முகத்தை நேரில் கண்டார். பெற்ற பிள்ளையைப் பாராமல் பிழைப்புக்காகத் தூரத்தில் இருப்பது என்னவென்று நம் தோட்டத்து மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வளையம் தளர்ந்தால் என்ன ஆகும்? அதற்கும் சான்று உண்டு. 2021ஆம் ஆண்டில் அதே கிரிக்கெட் போட்டியை இந்தியாவிலேயே நடத்தினார்கள். ஏப்ரல் 9ஆம் நாள் சென்னையில் தொடங்கிற்று. ஆனால் ஒரே ஊரில் இருக்கவில்லை. சென்னை, மும்பாய் என்று தொடங்கி, அங்கிருந்து அகமதாபாத், டில்லி என்று குழுக்கள் விமானத்தில் இடம் மாறின. நாட்டிலோ ஒரே நாளில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டுகொண்டிருந்தது. மருத்துவமனைகளில் பிராணவாயு கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள். மே 3ஆம் நாள் கொல்கத்தாக் குழுவில் இருவருக்குத் தொற்று உறுதியாயிற்று. மறுநாள் போட்டி நிறுத்தப்பட்டது. அப்போது முடிந்திருந்தவை 29 ஆட்டங்கள். எஞ்சியவற்றை மீண்டும் அமீரகத்துக்கே கொண்டுபோய், அக்டோபர் 15ஆம் நாள் துபாயில் முடித்தார்கள். சென்னை வென்றது. நம் வீடுகளில் மகிழ்ச்சிதான். ஆனாலும் ஊரெல்லாம் மூச்சுக்குத் தவித்த வேளையில் ஆட்டம் தேவைதானா என்ற கேள்வி அன்று எழுந்தது. நியாயமான கேள்விதான்.

நம் நாட்டில் விளையாட்டு விட்டுக்கொடுத்தது. 2020ஆம் ஆண்டு மலேசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டி தொடங்கிய பின்னர் கைவிடப்பட்டது. அதே நவம்பரில் ஆசியக் காற்பந்துச் சங்கம் கத்தார் நாட்டின் டோஹா நகரில் ஒரு வளையம் அமைத்துப் போட்டி நடத்தியது. நம் ஜொகூர் டாருல் தக்சிம் குழு பயண அனுமதி கிடைக்காமல் அதில் பங்கேற்க முடியாமற்போயிற்று. இரசிகர்களுக்கு வருத்தம். ஆனால் அந்த நவம்பரில் கிள்ளானில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் காற்பந்து சிறியதாகிவிடும்.

கிள்ளான் மேரு பகுதியில், கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளர் விடுதிகளில் நோய் புகுந்தது. 'தெராத்தாய்' என்று அந்தத் தொற்றுக்குப் பெயரிட்டார்கள். 5,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. பெரும்பாலோர் அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த விடுதிகளையும் மூடினார்கள், வேலி போட்டார்கள், காவல் வைத்தார்கள். எட்மன்டனிலும் வேலி, மேருவிலும் வேலி. அங்கே ஒருவருக்கும் நோயில்லை. இங்கே ஆயிரக்கணக்கில் நோய். ஏன் இந்த வேறுபாடு? அங்கே வேலி போடும் முன்னரே சோதனை நடந்தது. ஆளுக்கு ஓர் அறை இருந்தது. இங்கே நோய் உள்ளே புகுந்து பரவிய பிறகுதான் வேலி வந்தது. அடுக்குக் கட்டிலில் நெருக்கமாகப் படுத்து, ஒரே குளியலறையை வரிசையில் நின்று பயன்படுத்துகிறவர்களைச் சுற்றி வேலி போட்டால், நோயும் அவர்களோடு உள்ளேதான் இருக்கும்.

நேயர்களே, இதனை அயலார் கதை என்று தள்ளிவிடலாகாது. நம் பாட்டன்மாரும் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்களில் அடைபட்டிருந்து, கப்பலேறி வந்தவர்களே. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றி 1990ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 446ஆம் எண் சட்டம் என்பார்கள். தோட்டக் குடியிருப்புகளை மனத்தில் கொண்டு எழுந்த அச்சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. 2020 ஜூன் முதல் தொழிற்சாலை விடுதிகளையும் அது கட்டுப்படுத்துகிறது. தொழிலாளிக்கு வேண்டிய இடமும் காற்றும் தண்ணீரும் முதலாளி இரக்கப்பட்டுக் கொடுப்பவை அல்ல, சட்டப்படி கொடுக்கவேண்டியவை. இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். 2021ஆம் ஆண்டு நடுப்பகுதியில் சிலாங்கூரில் நோய் உச்சத்தில் இருந்தது. அந்தக் கேள்வி கேட்ட மாணவனின் தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. லயத்து வீட்டில் இரண்டே அறை. உள்ளே ஏழு பேர். நான்காம் நாள் பாட்டிக்கு மூச்சு வாங்கிற்று. அவரைக் கிள்ளானில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். தந்தைக்கும் நோய் உறுதியாயிற்று. ஷா ஆலாமில் மலாவாத்தி உள்ளரங்கத்துக்குப் போய், கையில் இளஞ்சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு, பத்து நாள் வீட்டிலேயே தனித்திருக்கும்படி சொல்லப்பட்டுத் திரும்பினார். தனித்திருக்க வீட்டில் இடம் எங்கே?

அன்றிரவு அவன் தாயார் எங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். "சார், புள்ளைங்கள எங்க படுக்க வைக்கிறதுன்னே தெரியல" என்றார். லயத்தின் கோடியில் ஒரு வீடு ஆளில்லாமல் இருந்தது. தோட்ட அலுவலகத்திலும் சுகாதார அதிகாரிகளிடமும் கேட்டு, அனுமதி பெற்று, காலையில் அதைக் கழுவித் திறந்தோம். மூன்று வேளைச் சாப்பாட்டை அண்டை வீட்டார் முறை வைத்துக் கொண்டுபோய் வாசற்படியில் வைத்துவிட்டு விலகி நின்றார்கள். கோவில் குழுவினர் அந்தக் குடும்பத்துக்கு அரிசியும் பாலும் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை யாரும் ஏசவில்லை. பத்து நாள் கழிந்தது. பக்கத்து வீடுகளில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. பாட்டி இருபது நாள் கழித்து வீடு திரும்பினார். முன்போல் நடமாட்டம் இல்லை. "அந்த மூணு நாளு சொல்லியிருக்கணும் சார்" என்று மகன் எங்களிடம் தலைகுனிந்து சொன்னார். அவரை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தொற்று கண்ட துபாய் ஆட்டக்காரருக்குச் சம்பளம் நின்றுவிடும் என்ற அச்சம் இல்லை. நாட்கூலிக்காரருக்கு அந்த அச்சம் உண்டு. அச்சம் உள்ள இடத்தில் நோய் மறைக்கப்படும். மறைத்த நோய் வீட்டில் மெலிந்தவரைத்தான் முதலில் பிடிக்கும்.

ஆகவே அன்று மாணவன் கேட்ட கேள்விக்கு எங்கள் விடை இதுதான். அவர்கள் ஆட முடிந்தது வேலியினால் மட்டும் அல்ல. தனி அறை, ஒழுங்கான சோதனை, வேளைக்கு உணவு, நிற்காத சம்பளம் ஆகிய நான்கும் வேலிக்குள் இருந்தன. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் வளையம் ஓட்டையாகும். "வீட்டுக்குள்ளேயே இரு" என்று ஒருவரிடம் சொல்பவர், இந்த நான்குக்கும் வழி செய்துவிட்டுச் சொல்வதே முறை.

நாளை மற்றொரு கொள்ளைநோய் வரக்கூடும். வரும் முன்னே செய்ய வேண்டியவை சில உண்டு. தோட்டத்தில் ஆளில்லாத ஒரு வீட்டையோ மண்டபத்தையோ தனிமைக்கென்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் கண்டால் அன்றே சொல்லுங்கள். சொன்னவரை ஒதுக்காதீர்கள், அவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். நோய்க்கால ஊதியம் பற்றித் தொழிற்சங்கக் கூட்டத்தில் தயங்காமல் கேளுங்கள். தொழிற்சாலை விடுதியில் தங்கும் உங்கள் பிள்ளைகளிடம் ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று விசாரியுங்கள்.

2021ஆம் ஆண்டில் புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கம் தடுப்பூசி நிலையமாயிற்று. அந்த மாணவனின் தந்தையும் தாயாரும் அங்கே போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருந்த அரங்கம் அது. "உள்ள போய் உட்கார்ந்துட்டு வந்தோம் சார்" என்று அவர்கள் சொன்னபோது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எங்கள் திடலில் இப்போது புல் வெட்டியாகிவிட்டது. மாலையில் பிள்ளைகள் மீண்டும் ஆடுகிறார்கள். பாட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.