அளவோடு நீர்: டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கு இல்லத்தாரின் துணை



நலமான சிறுநீரகங்கள் இரவும் பகலும் ஓயாது உழைக்கின்றன. டயாலிசிஸ் இயந்திரமோ வாரத்தில் 2 அல்லது 3 நாள்கள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரமே உழைக்கிறது. சிறுநீர் குறைந்துபோனவர் இடைப்பட்ட நாள்களில் அருந்தும் நீரில் பெரும்பகுதி உடலிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டர் தங்கினால் எடை ஒரு கிலோ கூடும். கால் வீங்கும், இரத்த அழுத்தம் ஏறும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். தேங்கிய நீரை மிகுதியாக விரைந்து வெளியேற்றினால் இரத்த அழுத்தம் சட்டெனத் தாழும், தசை பிடித்து இழுக்கும், இதயமும் நலியும்.

ஆகவேதான் மருத்துவர் ஒவ்வொருவர்க்கும் நாளளவு குறித்துத் தருகிறார். அதை மீறிய முதியவரை வீட்டார் கடிந்துகொள்கின்றனர். மறுநாள் அவர் மறைவாக அருந்துகிறார். கடுஞ்சொல் தாகத்தைத் தணிப்பதில்லை. உண்மையை மறைக்கவே கற்பிக்கிறது.

உப்பு மிகுந்த உணவை உண்டவர் நீர் கேட்பது மனவுறுதிக் குறைவன்று, உடலின் இயல்பு. எனவே கட்டுப்பாடு தண்ணீர்க் குடத்தில் அன்று, அடுப்பங்கரையில் தொடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வடகம், கடைத் தின்பண்டம் ஆகியவற்றை வீட்டார் அனைவருமே குறைத்தால் நோயுற்றவர் தனித்து நிற்கமாட்டார். சோடியம் குறைந்ததென விற்கப்படும் மாற்று உப்பில் பொட்டாசியம் இருக்கக்கூடும். அது அவர்க்கு ஆபத்து. மிளகும் சீரகமும் சுவை கூட்டும்.

காலையில் நாளளவு நீரை ஒரு புட்டியில் அளந்து வைக்கலாம். காப்பி, மோர், ரசம், கஞ்சி எதை அருந்தினாலும் அதே அளவு நீரைப் புட்டியிலிருந்து குறைத்துவிட வேண்டும். சிறு குவளையில் அருந்துவதும், வாய் உலரும்போது கொப்பளித்து உமிழ்வதும் உதவும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லையேல் தாகம் பெருகும். நாள்தோறும் காலையில் எடையைக் குறித்துவைப்பது நன்று.

அந்திக்குப்பின் நீரும் அருந்தா நெறியுடையோர், மாலையில் ஒருசேர அருந்திவிடாமல், குறித்த அளவைப் பகல் முழுதும் பகிர்ந்துகொள்க. உபவாசம் பற்றியும் இரவு மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் முன்னரே கேட்டறிக.

வந்தவர்க்கு முதலில் தண்ணீர் தருவது தமிழ் இல்லங்களின் மரபு. அவர் போதும் என்றபின் வற்புறுத்தாதிருப்பதும் விருந்தோம்பலே.