அவர் தெற்கு சூடான் போறார், நாங்க ஓசூர் போறோம்: ஒரு ராணுவக் குடும்பம் மூணு மாசத்துல தயாரான கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

நான் ஓசூர்ல இருந்து பேசறேன். என் வீட்டுக்காரர் இந்திய ராணுவத்துல ஹவில்தார். இப்போ அவர் தெற்கு சூடான்ல, ஐ.நா. அமைதிப்படையில இருக்கார். போய்ப் பத்து மாசம் ஆச்சு. நானும் ரெண்டு பசங்களும் ஓசூர் பாகலூர் ரோடு பக்கம் வாடகை வீட்டுல இருக்கோம். "வெளிநாட்டு போஸ்டிங் வந்தா குடும்பம் எப்படித் தயாராகுது?"ன்னு இந்த பாட்காஸ்ட்ல கேட்டாங்க. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். "வெளிநாட்டு போஸ்டிங்"னு யூடியூப்ல தேடினா அமெரிக்க ராணுவக் குடும்பங்களோட வீடியோதான் வரிசையா வரும். ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ மாற்றல் ஆகுது. மனைவி, குழந்தைகள், சோபா, கார், சில நேரம் நாய்க்குட்டி வரைக்கும் கூடவே போகுது. அங்கே அவங்க ராணுவமே நடத்துற பள்ளிக்கூடம் இருக்கு. நம்ம ஊர்ல அந்த மாதிரிக் குடும்பத்தோட போறவங்க ரொம்பக் கொஞ்சம். தூதரகங்கள்ல பாதுகாப்பு அதிகாரியா நியமிக்கப்படுறவங்க அந்த வகை. மத்தபடி நம்ம ஜவான்கள் வெளிநாடு போறது பெரும்பாலும் ஐ.நா. படைப்பிரிவோட. அதுல குடும்பத்துக்கு இடம் கிடையாது. தனியாத்தான் போகணும்.

அப்போ குடும்பம் இடம் மாறுறது இல்லையான்னு கேட்டா, மாறுது. அவர் ஒரு பக்கம் போறார், நாம இன்னொரு பக்கம் போறோம். அவரோட பயணத்துக்கு ராணுவத்துல முழு ஏற்பாடு இருக்கு. பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, மலேரியா மாத்திரை எல்லாம் யூனிட்டே பார்த்துக்கும். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புறதுக்குக் குறைஞ்சது பத்து நாள் முன்னாடி போட்டாகணும். அதுக்குத் தேதி குறிச்சு, கையில சான்றிதழ் குடுத்து அனுப்புவாங்க. நம்ம பயணத்துக்கு அப்படி ஒரு பட்டியலை யாரும் கையில குடுக்க மாட்டாங்க. நாமதான் எழுதணும்.

ஆர்டர் வந்தப்போ நாங்க வட இந்தியாவுல ஒரு ஸ்டேஷன்ல, குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். பெரியவ அஞ்சாங்கிளாஸ், சின்னவன் யு.கே.ஜி. கிளம்ப மூணு மாசம் இருந்துச்சு. ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்துல ஒரே கேள்வியை எழுதினேன்: "இதை அவர் கையெழுத்து இல்லாம என்னால முடிக்க முடியுமா?" முடியாதுன்னு பதில் வர்ற வேலையை எல்லாம் அவர் கிளம்புறதுக்குள்ள முடியும்னு மாத்தணும். எங்க தயாரிப்பு மொத்தமும் இந்த ஒரு கேள்விதான்.

எங்கே இருக்கப்போறோம்

எங்களுக்கு மூணு வழி இருந்துச்சு. ஒண்ணு, பர்கூர் பக்கம் மாமனார் ஊர். வாடகை கிடையாது, பசங்களைப் பார்த்துக்க அத்தை இருக்காங்க. ரெண்டாவது, பெங்களூர்ல குவார்ட்டர்ஸ். கணவர் ஃபீல்டுல இருந்தா, தனியா இருக்கிற குடும்பங்களுக்குன்னு சில ஸ்டேஷன்கள்ல 'எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ்' உண்டு. பாதுகாப்பு, ராணுவ மருத்துவமனை, பசங்களுக்குக் கேந்திரிய வித்யாலயா எல்லாம் பக்கத்துலயே இருக்கும். ஆனா காத்திருப்போர் பட்டியல் இருக்கும், உங்க ஆர்டருக்கு எது பொருந்தும்னு யூனிட்லதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். மூணாவது, ஓசூர்ல வாடகை வீடு.

நான் ஓசூரைத்தான் கேட்டேன். காரணம் எளிமையானது: சிப்காட். கல்யாணத்துக்கு முன்னாடி நான் டிப்ளமோ முடிச்சு அங்கே ஒரு கம்பெனியில தரச்சோதனைப் பிரிவுல வேலை பார்த்தவ. ஊர் ஊரா மாறினதுல எட்டு வருஷம் வேலையே இல்ல. இந்த ஒரு வருஷம் திரும்ப ஆரம்பிக்கக் கிடைச்ச வாய்ப்பு. வீட்டுல பெரிய பேச்சுவார்த்தை நடந்துச்சு. "புருஷன் வெளிநாட்டுல, மருமக வாடகை வீட்டுலன்னா ஊர் என்ன சொல்லும்?"னு அத்தை கேட்டாங்க. அவங்க பயமும் நியாயம்தான். கடைசியில, "மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை பசங்க ஊருக்கு வருவாங்க, ராத்திரி ஷிஃப்ட் போட மாட்டேன்"னு ரெண்டு உறுதி குடுத்தேன். அத்தை ஒத்துக்கிட்டாங்க. இப்போ பசங்களுக்கு லீவு விட்டா அவங்களே கிளம்பி வந்து பத்து நாள் இருக்காங்க.

வீடு தேடினது தனி அனுபவம். நாலு வீட்டுல முதல் கேள்வி "சார் எங்கேம்மா?" தெற்கு சூடான்னு சொன்னதும் அங்கே எண்ணெய்க் கம்பெனியான்னு கேட்டாங்க. ஒரு வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை அவர் பேர்லதான் போடுவேன்னார். நான் விட்டுட்டு அடுத்த வீடு பார்த்தேன். ஒப்பந்தம் என் பேர்ல இருந்தாதான் கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி, பள்ளிக்கூடச் சேர்க்கை எல்லாத்துக்கும் நானே போய் நிக்க முடியும்.

பள்ளிக்கூடமும் மொழியும்

ராணுவப் பசங்களுக்கு ஹிந்தி சரளமா வரும். என் பொண்ணு தமிழ் நல்லாப் பேசுவா, ஆனா எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. இங்கே எல்லையில ஒரு விஷயம் கவனிக்கணும். தமிழ்நாட்டுல 2006 தமிழ் கற்றல் சட்டம் இருக்கு, கர்நாடகாவுல 2015 கன்னட மொழி கற்றல் சட்டம் இருக்கு. அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் சேர்த்தா தமிழ், அந்தப் பக்கம் சேர்த்தா கன்னடம். வீடு ஒரு மாநிலம், பள்ளிக்கூடம் இன்னொரு மாநிலம்னு யோசிக்கிறவங்க இதை முதல்லயே பேசி முடிவு பண்ணிடுங்க. நாங்க ஓசூர்லயே சேர்த்தோம். ஆர்டர் வந்த அன்னைக்கே தினம் அரைமணி நேரம் தமிழ் எழுத்து ஆரம்பிச்சாச்சு. சொல்லிக்குடுத்தது அவர்தான். தெருவுல தெலுங்கும் கன்னடமும் கேட்டுக் கேட்டு, இப்போ அவளுக்கு மொத்தம் அஞ்சு மொழி வந்துடுச்சு.

காகிதமும் பணமும்

இது சலிப்பான பகுதிதான். ஆனா பாதிப் பிரச்சனை இங்கேதான் வரும்.

முதல்ல பார்ட் டூ ஆர்டர். கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் ராணுவப் பதிவேட்டுல ஏறுறது அது வழியாத்தான். அதுல பேர் ஏறலைன்னா டிபெண்டண்ட் கார்டு, கேன்டீன் கார்டு, மருத்துவம் எல்லாத்துலயும் சிக்கல் வரும். குழந்தைகள் பேரும் பிறந்த தேதியும் ஆதார்ல இருக்கிற மாதிரியே அங்கேயும் இருக்கான்னு எழுத்து எழுத்தாப் பாருங்க.

அடுத்தது வங்கி. அவர் சம்பளக் கணக்கு அவர் பேர்ல மட்டும் இருந்துச்சு, ஓ.டி.பி. அவர் நம்பருக்குத்தான் போகும். அந்த நம்பருக்கு அங்கே சிக்னல் எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. நாங்க ஒரு கூட்டுக் கணக்கு ஆரம்பிச்சு, என் நம்பரைப் பதிஞ்சு, மாசாமாசம் ஒரு தொகை தானா அதுக்கு வர்ற மாதிரி வச்சோம். ஒரு வங்கிக் கிளையில, "சார் நேர்ல வரட்டும் மேடம்"னு மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. அவர் லீவுல வந்தப்போ நேர்லயே போய் முடிச்சோம். கிளம்பின பிறகு இதை ஆரம்பிச்சிருந்தா ஒரு வருஷம் இழுத்திருக்கும்.

மூணாவது நிலம். மாமனார் ஊர்ல ஒரு வரப்புத் தகராறு இருக்கு. எனக்குப் பொது அதிகார ஆவணம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்துல பதிவு பண்ணிட்டுப் போனார். இன்னொரு தகவல்: இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம்னு 1925-ல வந்த ஒண்ணு இருக்கு. வீரர் பணியில தூரமா இருக்கிறப்போ அவர் மேல இருக்கிற சிவில் வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்க அது வழி பண்ணுது. ஏதாவது சட்டச் சந்தேகம்னா கிருஷ்ணகிரியில இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல முதல்ல கேளுங்க. பேருதான் முன்னாள் படைவீரர். பணியில இருக்கிறவங்க குடும்பத்தையும் அவங்க பார்க்கிறாங்க.

அப்புறம் சொந்தக்காரங்க. "ஐ.நா.ன்னா டாலர் சம்பளமாமே, ரெண்டு லட்சம் கைமாத்தா குடேன்"னு போன் வரும். ஐ.நா. படைச் செலவுக்கான பணத்தைத் தர்றது நாட்டோட அரசாங்கத்துக்கு. படைப்பிரிவு வீரர் கையில அது நேரடியாக் குடுக்கிற தினப்படி 1 டாலர் 28 சென்ட். நம்ம அரசாங்கம் தனியா வெளிநாட்டுப் படி குடுக்குது, அது உதவிதான். அதை எதுக்குச் செலவு பண்ணணும்னு ரெண்டு பேரும் முன்னாடியே எழுதி வச்சுட்டா, போன் வர்றப்போ பதில் சொல்றது சுலபம். எங்க பட்டியல்ல ரெண்டே வரி: வீட்டுக்கடன், பொண்ணு படிப்பு.

மருத்துவத்துக்கு ஓசூர்ல ராணுவ மருத்துவமனை இல்ல. பெரிய தேவைன்னா பெங்களூர் கமாண்ட் ஹாஸ்பிடல்தான். அதனால கார்டுகளோட ஒரு பையைத் தயாரா வச்சு, அத்திப்பள்ளி டிராஃபிக் இல்லாத நேரம் எதுன்னும் தெரிஞ்சு வச்சிருக்கேன். அவசரத்துக்குப் பக்கத்துல எந்த மருத்துவமனைக்குப் போறது, யாருக்குத் தகவல் சொல்றதுன்னு ஒரு தாளை ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு.

பேசவே பிடிக்காத பேச்சு

ஐ.நா. அமைதிப்படையில இதுவரைக்கும் இந்தியர்கள் சுமார் 180 பேர் உயிரை விட்டிருக்காங்க. 2013 ஏப்ரல்ல தெற்கு சூடான் ஜோங்லேயில பதுங்கியிருந்து நடத்தின தாக்குதல்ல அஞ்சு இந்திய வீரர்கள் இறந்தாங்க. ஆர்டர் வந்த வாரமே இதை நான் படிச்சேன். அவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் ரெண்டு வாரம் அதைப் பத்திப் பேசவே இல்ல.

அப்புறம் ஒரு ராத்திரி அவரே ஆரம்பிச்சார். காப்பீட்டு நாமினி, வருங்கால வைப்பு நிதி நாமினி எல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினது. அதுல அத்தை பேர் இருந்துச்சு. "உன் பேரை மாத்தறேன். ஆனா அம்மாவுக்கு ஒரு பங்கு இருக்கணும், சரியா?"ன்னார். சரின்னேன். உயிலும் எழுதினார். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்ல, பதிவு கட்டாயமில்ல. ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்துப் போட்டா போதும். அதை அத்தைகிட்டயும் உக்கார வச்சுச் சொன்னோம். அவங்க அழுதாங்க. அப்புறம் எழுந்து போய்ச் சாப்பாடு எடுத்து வச்சாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுல யாரும் யாரையும் சந்தேகப்படல. பணம் யாருக்குன்னு தெரியாம நிக்கிற குடும்பங்களை ராணுவ வட்டாரத்துல நான் பார்த்திருக்கேன். துக்கத்தோட சண்டையும் சேர்ந்துடும்.

செய்திக்கும் ஒரு விதி வச்சிருக்கோம். தெற்கு சூடான்ல ஏதாவதுன்னு டிவியிலயோ வாட்ஸ்அப்லயோ வந்தா, யூனிட் குடும்ப நல நம்பருக்கு ஒரு போன். அவ்வளவுதான். கெட்ட செய்தின்னா அதை ராணுவம் முறைப்படி வீட்டுக்குச் சொல்லும், ஃபார்வேர்டு மெசேஜ்ல சொல்லாது. அவர் எங்கே இருக்கார், எப்போ நகர்றார்னு நாங்களும் எங்கேயும் பதிவு போடறதில்ல.

தினசரி

அங்கே நேரம் நம்மைவிட மூணரை மணி நேரம் பின்னாடி. பசங்க ராத்திரி ஒன்பதுக்குத் தூங்கப் போறப்போ அவருக்குச் சாயங்காலம் அஞ்சரை. நெட் கிடைச்சா வீடியோ கால். கிடைக்கலைன்னா அவர் முன்னாடியே பதிவு பண்ணிக் குடுத்துட்டுப் போன கதை ஒண்ணு ஓடும். மொத்தம் நாப்பது கதை பதிவு பண்ணினார். சின்னவனுக்கு அதுல ஒரு யானைக் கதைதான் திரும்பத் திரும்ப வேணும். எங்க மாமனாரும் ராணுவம்தான். அவர் காலத்துல '56 ஏ.பி.ஓ.'ன்னு விலாசம் எழுதி லெட்டர் போட்டுட்டுக் காத்திருந்ததா அத்தை சொல்லுவாங்க.

இன்னும் ரெண்டு மாசத்துல அவர் வந்துடுவார். அதுக்கும் இப்போ ஒரு பட்டியல் எழுதிட்டிருக்கேன். வந்த பிறகு காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட "ஆப்பிரிக்காவுல இருந்தேன்"னு முதல் வார்த்தையா சொல்லி மலேரியா பரிசோதனை கேக்கணும். இது முதல் வரி. ரெண்டாவது வரி கஷ்டமானது: அடுத்த போஸ்டிங் எங்கே வந்தாலும் நான் இந்த வேலையை விடறதா, வேண்டாமா? ஒரு வருஷமா இந்த வீடு அவர் கையெழுத்து இல்லாம நடந்திருக்கு. அவர் அதுக்குள்ள வந்து உக்காரப்போறார். அதைப் போன்ல பேச வேண்டாம், நேர்ல பேசலாம்னு ரெண்டு பேரும் சொல்லி வச்சிருக்கோம்.

உங்க வீட்டுலயும் யாராவது இப்படிக் கிளம்புறதா இருந்தா, முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க. அந்த ஒரு கேள்வியை எழுதுங்க. பதிலை அவங்க கூட உக்காந்தே நிரப்புங்க. சந்தேகம் இருந்தா பாட்காஸ்டுக்கு எழுதுங்க, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.