காம்பின் நீளம்

(விவசாயக் கூலிப் பெண்களும் மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



களையெடுப்பு பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் மாணவத் தோழர்கள் சிலர் சிரித்தார்கள். இதிலே பேச என்ன இருக்குன்னு நினைச்சிருக்கலாம். நிலம் பற்றிப் பேசுகிறோம், கூலி பற்றிப் பேசுகிறோம், தனிக்குவளை பற்றி, சுடுகாட்டுப் பாதை பற்றிப் பேசுகிறோம். சேரிப் பெண்கள் வருஷம் பூரா கையில் பிடிக்கிற களைக்கொத்தைப் பற்றி நாம் பேசியதே இல்லை. இன்றைக்கு அந்தக் கொத்தின் காம்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

காம்பு எவ்வளவு நீளம்? ஒரு சாண், மிஞ்சினால் இரண்டு சாண். கடலைக் கொல்லையில் சாரணையும் கோரையும் அருகும் கொத்த, குந்திக் குந்தி நகரணும், இல்லைன்னா குனிஞ்சே நகரணும். நெல் வயலில் அந்தக் கொத்தும் கிடையாது, வெறுங்கைதான். நட்டுப் பதினைந்து இருபது நாளில் ஒரு களை, அப்புறம் இன்னொரு களை. கால் சேற்றில், முதுகு வெயிலில். பொழுது சாய வரப்பேறும்போது இடுப்பு நிமிர மாட்டேங்குது. கேட்டால், "உங்களுக்கெல்லாம் அது பழக்கம்தானே" என்கிறான். யார் பழக்கினது?

இதே கேள்வியைக் கேட்டு ஜெயித்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் லெட்டூஸ், பீட் வயல்களில் மெக்சிகோவிலிருந்து வந்த கூலிகள் குட்டைக் காம்புக் கொத்தால் வேலை செய்தார்கள். அவர்கள் அதை 'எல் கோர்ட்டீட்டோ' என்பார்கள், குட்டையன் என்று அர்த்தம். நீளக் காம்பு கொடுத்தால் பயிர் வெட்டுப்படும், விவசாயம் நட்டமாகிவிடும் என்றார்கள் முதலாளிகள். இன்னொரு காரணமும் இருந்தது. எல்லாரும் குனிந்திருக்கிற வயலில் ஒருத்தன் நிமிர்ந்தால், தூரத்தில் நிற்கிற மேஸ்திரிக்கு உடனே தெரியும். காம்பு களைக்காக மட்டும் குட்டையாக இல்லை, கண்காணிப்புக்காகவும்தான். தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். முதுகெலும்பு எப்படித் தேய்கிறது என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். 1975இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு குட்டைக் காம்புக்குத் தடை வந்தது. லெட்டூஸ் விவசாயம் அழிஞ்சு போகலை.

கதை அதோடு முடியவில்லை. கொத்துக்குத்தானே தடை, கையாலேயே பிடுங்கு என்று பல பண்ணைகள் மறுபடியும் குனிய வைத்தன. நீளக் காம்புக் கருவியால் செய்யக்கூடிய இடத்தில் கையால் களை பிடுங்க வைப்பதற்குக் கட்டுப்பாடு வர 2004 ஆயிற்று. அதிலும் இயற்கை வேளாண் பண்ணைகளுக்கு விலக்கு! ரசாயனம் படாத உணவின் கணக்கில் கூலிக்காரர் முதுகு வரவில்லை.

இங்கே நிலைமை என்ன? நின்றபடி களையெடுக்கும் கருவி நம்மிடம் இல்லாமல் இல்லை. மானாவாரிக்கு நீளக் காம்பில் நட்சத்திரச் சக்கரம் வைத்த களைக்கருவி உண்டு. நெல்லுக்கு, ஒற்றை நாற்று நடவோடு வந்த கோனோவீடர் உண்டு. 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நட்டால் நின்றபடியே தள்ளிக்கொண்டு போகலாம். பயிரும் வரிசையாக இருக்கணும், கருவியும் வாங்கணும். குனிகிற முதுகு அடுத்தவள் முதுகாக இருக்கும்போது இந்தச் செலவை எவன் செய்வான்?

அப்படியே கருவி வந்தால் பல ஊர்களில் அது ஆண்கள் கைக்குப் போகிறது. வெறுங்கையால் பிடுங்கினால் பெண்பிள்ளை வேலை, குறைந்த கூலி. அதே களையைக் கருவியால் எடுத்தால் ஆம்பளை வேலை, கூடுதல் கூலி. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தும் களத்தில் இதுதான் நடக்கிறது. இன்னொரு பக்கம் களைக்கொல்லி. ஓர் ஆள் முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு போனால் இருபது பெண்களுக்கு வேலை போச்சு. ஆக, நிமிரணும்னா வேலையை விடு, வேலை வேணும்னா குனி. இந்த இரண்டைத்தான் நம் முன்னால் வைக்கிறார்கள்.

தோழர்களே, நிமிர்வது இந்த மண்ணில் சின்ன விஷயமல்ல. தோளில் துண்டு போடாதே, தெருவில் செருப்புப் போடாதே என்றவர்கள் எதைத் தடுத்தார்கள்? 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தது எதற்காக? கூலியை உயர்த்திக் கேட்டு, சங்கமாக நிமிர்ந்து நின்றதற்காக. 2006இல் நூறு நாள் வேலை தொடங்கியபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றார்கள். உடனே "களையெடுக்க ஆளே வரமாட்டேங்குறாளுங்க" என்ற புலம்பல் கிளம்பியது. ஆள் இல்லாமல் இல்லை. அந்தக் கூலிக்குக் குனிய ஆள் இல்லை. புலம்பினவன் அதைச் சொல்ல மாட்டான், நாம்தான் சொல்லணும்.

கோரையை மேலாகக் கொத்தினால் நாலே நாளில் தழைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, கிழங்கு அடியிலே கிடக்கிறது. காம்பை நீளமாக்கினால் மட்டும் சாதி ஒழியாது. நிலம் யாரிடம் என்பதுதான் கிழங்கு. அதற்காக நிலம் கைக்கு வரும்வரை அம்மாக்கள் குனிந்தே கிடக்கட்டும் என்று சொல்கிற அரசியல் நமக்கு வேண்டாம்.

கூலிப் பேச்சுவார்த்தையில் இனிமேல் ரூபாயோடு இதையும் வையுங்கள்: வரிசை நடவு, நின்றபடி பிடிக்கும் கருவி, அது நிலத்துக்காரன் செலவில், பெண்கள் கையில், ஆணுக்குள்ள அதே கூலியில். மாணவத் தோழர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். நம் பெண்கள் பிடிக்கிற களைக்கொத்துகளின் காம்பை அளந்து, அவர்கள் இடுப்பு வலியையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்கிலிருந்து பேச்சைத் தொடங்குவோம்.