வைர மோதிரம்: கடைவீதியும் கைப்பேசியும்



விழாப் பந்தலில் நகை வாங்குவது பற்றிய பேச்சு எதற்கு என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். தை பிறப்பதற்கு முன்பே இல்லந்தோறும் நிச்சயதார்த்தப் பேச்சு தொடங்கிவிடும் காலம் இது. வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றிக்கொண்டதோடு நிச்சயம் நிறைவெய்தியது முற்காலத்தில். இப்போதோ மணமக்கள் ஒருவர்க்கொருவர் மோதிரம் அணிவிப்பதும், அம்மோதிரத்தில் வைரம் பதிந்திருக்க வேண்டும் என்பதும் வழக்கமாகிவிட்டன. வைரத்தை அழியாமையோடு இணைத்து, டி பியர்ஸ் நிறுவனத்துக்காக 1947இல் பிரான்சஸ் ஜெரட்டி என்னும் அமெரிக்கப் பெண்மணி ஒரு சிறு விளம்பரத் தொடரை எழுதினார். அத்தொடர் கடல்கள் பல கடந்து காவிரிப் படுகைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

வைரம் இம்மண்ணுக்குப் புதிதன்று. பாட்டியரின் வைரத்தோட்டையும் ஏழுகல் பேசரியையும் அறியாதார் இவ்வவையில் இலர். பழங்கல்லைக் காட்டி "இது ப்ளூ ஜாகர்" என்று பெருமையோடு கூறுவர். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கத்துப் பெயர் தமிழகத்து அடுக்களை வரை வந்த வரலாறு அது. புதிதாவது மோதிரமும், அதை வாங்கும் வழியுமே.

அதிராம்பட்டினத்தில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்க. மகன் வெளிநாட்டில் பணி செய்கிறான். நிச்சயத்துக்கு நாற்பது நாள் இருக்கிறது. "பட்டுக்கோட்டையில் தாத்தா காலத்திலிருந்து வாங்கும் கடை இருக்கும்போது வேறிடம் எதற்கப்பா?" என்கிறார் தாய். "அம்மா, அதே அளவுக் கல் இணையத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சான்றிதழும் தருகிறார்கள். பாருங்கள்" என்று கைப்பேசியை நீட்டுகிறான் மகன். தாய் நம்புவது ஆளை. மகன் நம்புவது தாளை. இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைத் தேடாமற்போனால் இழப்பு நேர்வது அங்கேதான்.

தாளை நம்புவது இளைஞர் கண்டுபிடித்த புதுமை என்று எண்ண வேண்டா. தஞ்சைப் பெரியகோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளை நோக்குக. கோயிலுக்கு அளித்த ஒவ்வோர் அணிகலனுக்கும் பொன் எவ்வளவு, வைரம் எத்தனை, முத்து எத்தனை, விலை எத்தனை காசு என்பனவெல்லாம் அங்கே எழுதப்பட்டுள்ளன. வைரங்களுள் முறிவுடையன, செம்புள்ளி உடையன, கரும்புள்ளி உடையன, வெந்தாற்போன்ற தோற்றம் உடையன இவை என்று குற்றங்களையும் மறையாது பொறித்தனர். நகைகளை நிறுப்பதற்குத் தட்சிணமேருவிடங்கன் என்னும் பெயருடைய எடைக்கல் இருந்தது. கோத்த சரடும் அரக்கும் செப்பாணியும் எடையில் சேர்ந்தனவா என்பதைக்கூடச் சொல்லிவைத்தனர். கொடுத்தவன் மாமன்னன், பெற்றதோ கோயில். அவ்விருவர்க்கிடையிலும் எழுத்து வேண்டும் என்று கருதிய நாட்டில், "தெரிந்த கடைதானே" என்று ரசீதில்லாமல் நகை வாங்கும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ!

ஆளை நம்பிக் கெட்டவனின் கதையும் இந்நாட்டினதே. இளங்கோவடிகள் மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டும்போது காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் வைரக்குற்றம் நான்கினையும் பெயர் சொல்லிக் குறிக்கிறார். ஊர்காண் காதையில் கோவலன் அந்நகரைச் சுற்றிப் பார்த்து வருகிறான். பின்னர்ச் சிலம்பு விற்கச் சென்றவன், சட்டையணிந்து பரிவாரம் சூழ வந்த பொற்கொல்லனின் தோற்றத்தைக் கண்டே அவனைத் தக்கவன் என்று துணிந்தான். கல்லின் குற்றத்தை அறியும் நூலோர் வாழ்ந்த ஊரில் ஆளின் குற்றத்தை ஆராய அவனுக்கு நேரமில்லை. ஒளிவிளக்குகளும் குளிரூட்டிய கூடமும் உபசரிப்பும் இன்றும் அச்சட்டையின் வேலையைச் செய்கின்றன. இணையத்தில் அவ்வேலையைச் செய்வது அழகிய படம்.

இனி இன்றைய செய்திக்கு வருவோம். அமெரிக்காவின் சியாட்டிலில் 1999இல் தொடங்கிய ப்ளூ நைல், வைரத்தை இணையத்தில் விற்றுக் காட்டியது. சென்னையில் 2008இல் கேரட்லேன் தோன்றியது. பெங்களூரில் 2011இல் ப்ளூஸ்டோன். கடைக்கு வாடகையில்லை, அடுக்கிவைக்கும் சரக்கும் குறைவு, ஆகவே விலை குறையும் என்பதே இவற்றின் அடிப்படைக் கணக்கு. அக்கணக்கு பொய்யன்று. ஆயினும் இம்மூன்று நிறுவனங்களும் பின்னர்த் தெருவில் கடை திறந்தன. விரலில் இட்டுப் பாராமல் மோதிரம் வாங்க மக்கள் தயங்கினர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மறுபுறம், உள்ளூர்க் கடையில் வாங்கினால் பார்த்தே வாங்கியதாகும் என்பதும் முழு உண்மையன்று. சிற்றூர்க் கடைகள் பலவற்றில் தங்கம் நிரம்ப இருக்கும், வைரம் அரிது. புத்தகத்தில் படம் காட்டி முன்பணம் பெற்றுக்கொண்டு, திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவழைத்துத் தருவர். அவ்விடத்துத் தாயும் படத்தைப் பார்த்தே வாங்குகிறார். வேறுபாடு ஒன்றுண்டு. மோதிரம் இறுகினாலும் கல் ஆடினாலும் மறுநாள் காலையில் சென்று நிற்க ஒரு வாயிற்படி இருக்கிறது. இணைய மோதிரத்தைப் பொதிந்து அனுப்பித் திரும்பப் பெறுவதற்குள் நிச்சயநாள் கடந்துவிடலாம். இப்பயன் சிறிதன்று. அதற்காகச் சிறிது கூடுதல் விலை கொடுப்பதும் ஏமாளித்தனம் ஆகாது.

கல்லைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட். எடை, நிறம், தெளிவு, வெட்டு என்னும் நான்கும் விலையை முடிவு செய்யும். எடை கண்ணுக்கு எளிதில் தெரிவதால் அதையே எல்லோரும் கேட்கின்றனர். ஒளியைத் தருவதோ வெட்டு. வெட்டுச் சரியில்லாத 50 சென்ட் கல் மங்கிக் கிடக்க, நன்கு வெட்டிய 30 சென்ட் கல் சுடர்வதைக் காணலாம். கடையின் விளக்கொளியில் எக்கல்லும் மின்னும். வாயிற்படிக்குக் கொண்டுவந்து பகலொளியில் நோக்குவது முன்னோர் வழக்கம். அவ்வழக்கம் இணையத்துக்கு இல்லை. அதற்கு மாற்றாகச் சுழலும் காணொளியும், ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகங்களின் சான்றிதழும் உள்ளன. சான்றிதழ் எண்ணைக் கல்லின் இடைவிளிம்பில் லேசர் கொண்டு பொறித்திருந்தால், பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் அதைப் படிக்கலாம். இணையத்தில் வாங்கிய மகன் இதை மட்டுமேனும் ஊர் நகைக்கடைக்காரரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தாளிலுள்ள கல்லும் விரலிலுள்ள கல்லும் ஒன்றென்று தாள் தானே வந்து சொல்லாது.

அடுத்தது ஆய்வகத்தில் விளைந்த வைரம். இது கண்ணாடிக் கல்லன்று, இயல்பால் வைரமே. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1954இல் இதனை ஆக்கிக் காட்டியது. இன்று சூரத்தில் பெருமளவில் விளைகிறது, சென்னை ஐ.ஐ.டி.யிலும் இதற்கான ஆய்வுமையத்துக்கு ஒன்றிய அரசு 242 கோடி ரூபாய் ஒதுக்கியது. விலையோ இயற்கை வைரத்தினும் மிகக் குறைவு. அறிந்து வாங்கினால் குற்றமில்லை. சுரங்கம் தோண்டாத கல் என்பதனால் இதனையே விரும்புவாரும் உளர். இயற்கைக் கல்லின் விலைக்கு இதனைக் கொடுப்பதுதான் வஞ்சனை. கடைகளில் கல்லின்மேல் வைத்து ஒலியெழுப்பிக் காட்டும் எழுதுகோல் போன்ற எளிய கருவி இவ்விரண்டையும் பிரித்தறியாது. சில வேளை மொய்சனைட் கல்லையும் வைரம் என்றே காட்டிவிடும். ஆகவே "இயற்கை" அல்லது "ஆய்வகத்தில் உருவாக்கியது" என்னும் சொல் ரசீதிலேயே இருத்தல் வேண்டும். தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் கள்ளாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அளவில் குறைத்தும் கூட்டியும் கொடுத்தல் ஒன்று. ஒன்றைப் போன்ற மற்றொன்றை அதுவென்று கொடுத்தல் இன்னொன்று. வணிகரிடையே பெரிதும் வாழ்ந்த நெறியினர் இவற்றைத் தனித்தனியே எடுத்துச் சொன்னதில் பட்டறிவு இருக்கிறது.

தங்கத்துக்கு வருவோம். 22 கேரட்டையே பொன் என்று பழகிய பெரியோர், வைர மோதிரத்தில் 18 கேரட்டைக் கண்டதும் முகம் சுளிப்பர். 22 கேரட் மென்மையானது. கல்லை இறுகப் பிடிக்கும் உறுதி 18 கேரட்டுக்கே மிகுதி. அதில் 750 என்ற முத்திரை இருக்கும். 14 கேரட்டாயின் 585. ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஹால்மார்க் அடையாளக் குறி 2023 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்குக் கட்டாயம். அதனைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுப் பார்க்கலாம். ஆயின் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. விலையைக் குறைத்துக் காட்டும் மெல்லிய மோதிரங்கள் அவ்வெல்லைக்குள் அடங்கிவிடக்கூடும். ஹால்மார்க் உறுதி கூறுவது பொன்னுக்கு மட்டுமே, கல்லுக்கன்று.

ரசீதில் மொத்த எடையும் கல் நீங்கிய பொன்னெடையும் வேறுவேறாக இருக்க வேண்டும். 30 சென்ட் கல் 0.06 கிராம். அதனைப் பொன்னோடு சேர்த்து நிறுத்தால் வைரத்துக்கு ஒருமுறையும் பொன்விலையில் மறுமுறையும் பணம் போகும். தொகை சிறிதுதான், பழக்கம் சிறிதன்று. செய்கூலியும் சேதாரமும் எவ்வளவு என்பதைத் தனியே கேட்டறிதல் வேண்டும். இணையத்தில் இவை விலைப்பிரிப்பில் எழுதப்பட்டிருப்பது ஒரு நன்மை. கடையில் கேட்டால்தான் வாய் திறப்பர். முகம் பார்த்துக் கேட்க நாணுவதாலேயே பலர் இழக்கின்றனர்.

டெல்டாக் குடும்பங்களுக்கென்றே ஒரு செய்தி உண்டு. குறுவை நடவுக்கும் சம்பா நடவுக்கும் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்துப் பணம் பெறுவது இங்கே வழிவழி வந்த நடைமுறை. அங்கே கல்லின் எடையைக் கழித்துப் பொன்னுக்கே கடன் தருவர். ஒரு இலட்சம் ரூபாய்க்கு வாங்கிய வைர மோதிரத்தில் பொன் 3 கிராமே இருப்பின், அந்த 3 கிராமுக்கு உரியது மட்டுமே கிடைக்கும். மறுவிற்பனையிலும் வைரம் பொன்னைப்போல் நிற்பதில்லை. கடையும் இணைய நிறுவனமும் தத்தம் நகையைத் திரும்ப எடுப்பதற்கு வெவ்வேறு விதி வைத்துள்ளன. பணமாகத் தருவார்களா, மாற்று நகையாகவா, கல்லுக்கு எத்தனை விழுக்காடு என்பதை வாங்கும்போதே எழுத்தில் பெறுதல் வேண்டும். சேமிப்பு என்று எண்ணி வைரம் வாங்குவோர் அவ்வெண்ணத்தை விடுவது நல்லது. அன்பின் அடையாளமாக வாங்குவோர்க்குச் சிறு கல்லே போதும். கடன்பட்டுப் பெருங்கல் வாங்கி அடுத்த நடவுக்குத் திண்டாடுவதை மணமகளும் விரும்பமாட்டாள்.

இணையத்தில் வாங்குவோர் அஞ்சுவது, ஏமாந்தால் எங்கே சென்று கேட்பது என்பதையே. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம்; அதிராம்பட்டினத்தார் தஞ்சாவூர் மாவட்ட ஆணையத்தை அணுகலாம், மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகள், குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் முறையீட்டைப் பெற்றதாகத் தெரிவித்து ஒரு திங்களுக்குள் தீர்வு காணவேண்டும் என்கின்றன. பொதியைப் பிரிக்கும்போது காணொளி எடுத்து வைப்பது அம்முறையீட்டுக்குத் துணையாகும். பெயர் பொறித்த மோதிரத்தைப் பெரும்பாலும் திரும்பப் பெறமாட்டார்கள். ஆகவே எழுத்துப் பொறிப்பதை அளவு சரிபார்த்த பின்னர் ஊர் ஆசாரியிடம் வைத்துக்கொள்ளலாம்.

விரலளவை மறந்துவிடுகின்றனர். காலையில் ஒடுங்கியிருக்கும் விரல் மாலையில் சிறிது பருக்கும், வெயிற்காலத்தில் இன்னும். மணமகளின் விரலுக்கு நூல் சுற்றி அளந்து தொலைபேசியில் சொல்வதைவிட, மன்னார்குடியோ பட்டுக்கோட்டையோ அவரவர்க்கு அண்மையிலுள்ள கடையில் அளவுவளையத்தை மாலை வேளையில் இட்டுப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். அக்கடையில் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதற்கு மறுப்பார் இலர்.

அக்குடும்பத்தில் தாயும் மகனும் ஒரு முடிவுக்கு வரலாம். மகன் இணையத்தில் விலையையும் சான்றிதழ் வகையையும் குறித்துத் தருவான். தாய் அத்தாளைக் கடைக்காரரிடம் காட்டி, இதே தரத்தில் இதே சான்றோடு என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்பார். தொகை சற்றே மிகுந்திருந்தால் கடையிலேயே வாங்கலாம். மிகவும் மிகுந்திருந்தால் இணையத்தில் வாங்கி, பத்து நாள் முன்னதாக வரவழைத்து அவரிடமே சரிபார்க்கலாம். எவ்வழியாயினும் ரசீது மணமகளின் பெயரில் இருக்கட்டும். நிச்சயத் தட்டில் மஞ்சளும் பூவும் மோதிரமும் வைக்கும்போது, சான்றிதழையும் ரசீதையும் ஓர் உறையிலிட்டு அவள் தாயிடம் கொடுத்துவிடலாம். மாமியார் வீட்டுப் பெட்டியில் அவற்றை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.