பாசறையும் மடுக் கொட்டிலும்



பாசறை என்பது இன்று பாடசாலைப் பிள்ளைகளுக்கு இனிக்கும் ஒரு சொல். 1907ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுண்சீத் தீவில் சிறுவர்களைக் கூட்டி ஒரு முகாம் நடத்தினார். அதிலிருந்து வளர்ந்த சாரணர் இயக்கம், கூடாரம் அடித்து, தீ மூட்டி, சுற்றியிருந்து பாடும் இரவுகளை நம் பிள்ளைகளுக்கும் தந்தது. சங்கப் புலவருக்கோ அது போர்க்காலத்துச் சொல்.

பத்துப்பாட்டிலே அளவிற் சிறியது நப்பூதனாரின் முல்லைப்பாட்டு, 103 அடிகள். அதில் வரும் பாசறைக்கு என்ன குறை? காட்டாற்றங்கரையில் முட்புதர்களை வெட்டி, வேலி கட்டி, தழையால் வேய்ந்த குடில்கள். அரசனுக்கென யவனர் அமைத்த தனி இல்லம். விளக்கு அணையாமல் தூண்டிவிடப் பெண்கள், நாழிகை சொல்ல ஆட்கள், சுற்றிலும் காவல். இத்தனை வசதிக்குள்ளும் அரசனுக்கு உறக்கம் வரவில்லை. புண்பட்ட யானைகளையும் குதிரைகளையும், மாண்ட வீரர்களையும் நினைத்து விழித்திருக்கிறான். மனம் ஆறாத இடத்தில் மெத்தை என்ன செய்யும்?

இனி நமது மன்னார்ப் பக்கம் வருவோம். ஓகஸ்ட் 6ஆம் திகதி மடுவில் கொடியேறும்; 15ஆம் திகதி பெருவிழா. வங்காலை போன்ற கடற்கரைக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய்க் காட்டு மரங்களின் கீழ்த் தங்குவார்கள். கடற்கரையில் வாடி போட்டுப் பழகிய கைகளுக்கு இதுவும் கைவந்த வேலைதான். பின்னேர வெயில் படாத மரமாகப் பார்ப்பார்கள். அது சோளகக் காலம். ஆகவே காற்று வரும் பக்கத்துக்குக் கொட்டிலின் முதுகைக் கொடுத்துத் தறப்பாளை இழுத்துக் கட்டுவார்கள். புகை உள்ளே வராத பக்கத்தில் அடுப்புக்கு மூன்று கல். நிலத்தைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, பாய் விரித்தால் அதுதான் விறாந்தை. பொழுதுபட வாசலில் ஒரு அரிக்கன் லாம்பு தொங்கும். அடுத்த மரத்தடியில் நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பம் இருக்கும். பாஷை அரைகுறை, ஆனாலும் தேத்தண்ணி அங்கும் இங்கும் போகும். பிள்ளைகள் எந்தக் கொட்டிலில் சாப்பிட்டார்கள், எதில் தூங்கினார்கள் என்று தேடவே தேவையில்லை.

நேயர்களே, அந்தக் காடு வேறு இரவுகளையும் கண்டது. 1670இல், ஒல்லாந்தர் காலத் துன்புறுத்தலுக்கு அஞ்சி, மாந்தையிலிருந்து மாதாவின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் அங்கே ஒதுங்கியதாக மரபு சொல்கிறது. 1990இலும் பல்லாயிரம் பேர் ஓடிவந்து அதே மரங்களின் கீழ்த் தங்கினார்கள். ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு அங்கே நிவாரண நிலையம் நடத்தியது. 1999 நவம்பர் 20ஆம் திகதி, ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது ஷெல் விழுந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள்.

மரம் அதே மரம். தறப்பாளும் அதே தறப்பாள். அடுப்புக்கு அதே மூன்று கல். கட்டிய கைகளும் காற்றின் திசை அறிந்த கைகளே. ஆனால் ஒன்றில் நித்திரை உண்டு, மற்றதில் இல்லை. யாத்திரை வந்தவருக்குக் கொட்டில் அவிழ்க்கும் நாள் தெரியும். அகதியாக வந்தவருக்கு அது தெரியாது. தங்கிய இடத்தை இனிமையாக்குவது திரும்பிப் போகும் நாள்தான். முல்லைப்பாட்டும் இதை அறிந்தே முடிகிறது: காத்திருந்தவளின் காதில், வென்று திரும்பும் படையின் ஆரவாரம் விழுவதோடு பாட்டு நிற்கிறது. பாசறையில் இல்லாத நிம்மதி வீட்டு வழியிலே இருக்கிறது.

ஆகவே விடுமுறைக்குக் கூடாரம் கட்டப் போகிறவர்கள் போர்வையும் விளக்கும் தாராளமாகக் கொண்டு போகட்டும். நிழலையும் காற்றையும் பார்த்துக் கட்டட்டும். பக்கத்தில் இருப்பவரோடு பகிர்ந்து உண்ணட்டும். ஆனால் மடுக் கொட்டிலிலே நிம்மதியாகக் கண்ணயரும் அந்தத் தாயின் சேலைத் தலைப்பைப் பாருங்கள். அதில் முடிந்திருப்பது வீட்டுத் திறப்பு. அந்தத் திறப்புக்கு ஒரு கதவு இருக்கும்வரைதான் வெட்டவெளி நமக்கு விருந்தாகும்.